எர்த் குழியை மூடிய வீடு

மின்னல் எங்கே விழும் என்று எனக்குத் தெரியாது. விழுந்த மறுநாள் காலையில் யார் யார் என்னைத் திட்டுவார்கள் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுவேன். மைசூரில் பதினாறு வருஷமாக வீட்டு வயரிங் வேலை. அடுத்தவர் வீட்டுக்கு நல்லது சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சிவப்பு

தேவராஜ மொஹல்லாவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. இடி இடித்தால் லைனில் பாய்ந்து வரும் மின்சாரத்தைத் தடுக்க மீட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினேன். “பச்சை தெரிஞ்சா உயிரோட இருக்கு, சிவப்பு வந்தா செத்துப்போச்சு, உடனே மாத்தணும்” என்று மூன்று தடவை சொன்னேன். மறுவருஷம் டி.வி., பிரிட்ஜ், வைஃபை எல்லாம் கருகின பிறகுதான் கூப்பிட்டார். பெட்டியில் சிவப்பு.

“சிவப்பு வந்து ஆறு மாசமாச்சுப்பா, கரென்ட்தான் வருதேன்னு சும்னே விட்டுட்டோம்.”

மூலை

இவராவது தன் டி.வி.யைத்தான் எரித்துக்கொண்டார். மண்டி மொஹல்லா மாதப்பன் கதை வேறு. கொள்ளேகாலத்துக்காரர், சொந்த வீடு. மாடியில் சரோஜா அக்கா குடித்தனம். அக்காவின் கணவருக்கு நுரையீரல் கெட்டு, ராத்திரி பகல் ஆக்ஸிஜன் மெஷினில்தான் மூச்சு. அந்த மெஷினுக்காகவே அதே மாதிரிப் பெட்டி மாட்டி, வடகிழக்கு மூலையில் குழி தோண்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் கொடுத்தேன். பாய்ந்து வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க எர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வெறும் டப்பா.

இரண்டே மாதம். மெஷினைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் குழியே இல்லை. மேலே டைல்ஸ், துளசித் தொட்டி. வயரை வெட்டிச் சுருட்டி வைத்திருந்தார்கள். வேறு இடத்தில் தோண்டலாம் என்றால் மற்றதெல்லாம் கார் நிறுத்துமிடம், புது டைல்ஸ், கை வைக்கக் கூடாதாம். மேலே ஒரு உயிர் இருக்கிறதே என்று கத்தினேன். மாதப்பன் அசையவில்லை.

“ஏப்பா, ஈசானிய மூலையில உப்பும் கரியும் கொட்டி வெச்சா குடும்பம் வெளங்குமா? வாஸ்துக்காரரு பாத்துட்டு எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டனுங்.”

பிளக்

எனக்கு வந்த கோபத்தில் மாடிக்குப் போய், எல்லாருக்கும் சொல்வதையே யோசிக்காமல் சொன்னேன்: இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் அக்கா. அவர் கணவரைப் பார்த்தார், பிறகு என்னை. அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

“பிடுங்கிட்டா இவரு எதுல தம்பி மூச்சு விடுவாரு?”

டைல்ஸ்

மே மாதம், ஒரு மத்தியானம். மழைக்கு முன்னாலேயே பக்கத்துத் தெருவில் இடி விழுந்தது. மெஷினில் புகை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரோடு அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது சிலிண்டர் முள் சைபரில் இருந்ததாம். பிழைத்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து, வாடகை மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் கடப்பாரையோடு போனேன். யாரையும் கேட்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் நாலு டைல்ஸை உடைத்து, எட்டடிக்குக் குழி போட்டுப் பைப் இறக்கினேன். எரிந்துபோன பெட்டியையும் மாற்றினேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். மாதப்பன் வெளியே வந்தார், உடைந்த டைல்ஸைப் பார்த்தார், துளசித் தொட்டி இருந்த மூலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அந்த மூலையைச் சுத்தம் பண்ணி வெச்சமல்ல, அதனாலதானப்பா அவரு உசுரு தப்புச்சு.”

பதினாறு வருஷத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: வானத்து மின்னலைக்கூட எட்டடி பைப்பில் மண்ணுக்குள் இறக்கிவிடலாம், சில பேர் மண்டைக்குள் ஒரு வார்த்தையை இறக்க எந்தக் கடையிலும் பைப் கிடைப்பதில்லை.