சர்வரக்காவும் எரித்த பாடியும்

எங்கள் கடையின் மாடியறையில் ஒரு சர்வர் ஓடுகிறது. என் மனைவியின் தங்கை முதன்முதலில் வந்து, சர்வர் வைக்கலாம் என்று இருக்கிறேன் மாமா என்றபோது, ஓட்டல் போடப் போகிறாள் என்று நினைத்துத் தெருமுனைக் கட்டடத்தின் வாடகையைக்கூட விசாரித்துவிட்டேன். நான் எதையும் தள்ளிப் போடுகிற ஆள் இல்லை. அது தட்டு எடுக்கிற சர்வர் இல்லை, செருப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டியில் இன்றைக்கு ஆயிரத்து முந்நூற்று நாற்பது பேர் குடியிருக்கிறார்கள். எல்லோரும் என்னைப் போல எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுகிறவர்கள். அவளை 'சர்வரக்கா' என்று கூப்பிடுகிறார்கள்.

அவளைப் பற்றி யாராவது எழுதியே ஆக வேண்டும். படித்தவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஒரு ஸ்குரூடிரைவரோடு ஆரம்பித்து மூன்று மாடி எழுப்பியவன். மாடி எழுப்பத் தெரிந்தவனுக்கு நாலு பக்கம் எழுத வராதா?

அவள் பதினெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார்ப் பிரிவில் இருந்தவள். ஊரில் இருக்கிற அத்தனை பேரின் கோபத்தையும் காதில் வாங்கிக்கொண்டு, "சரிங்க, பார்க்கிறோம்" என்று சொல்லியே காலம் தள்ளியவள். அவளுடைய நாற்பத்தோராவது வயதில் எக்ஸ்சேஞ்சை மூடினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவள் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எந்த வகுப்புக்கும் போகவில்லை. உள்ளே இருப்பதை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற மென்பொருள் என்று ஒரு வகை உண்டாம். யாரும் படிக்கலாம், யாரும் பழுது பார்க்கலாம், பார்த்த பழுதைத் திருப்பி அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். இரண்டு வருடம் அவள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தபடி இருந்தது. பஸ் டிரைவரான என் சகலை தானே காப்பி போடக் கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

இந்தச் சர்வர் சமாச்சாரத்தை எனக்கு ஒரே மூச்சில் புரிய வைத்தாள். எழுத்தும் படமும் போட்டுப் பேசிக்கொள்ளப் பெரிய கம்பெனிகள் நடத்துகிற இடங்களில் எல்லோரும் ஒரே முதலாளியின் கட்டடத்தில் குடியிருக்கிறோம், அவன் நினைத்தால் வெளியே போ என்பான். "இது எங்க எக்ஸ்சேஞ்ச் மாதிரி மாமா. ஊருக்கு ஒண்ணு இருக்கும். அதுல இருந்து எந்த ஊருக்கும் பேசலாம். மொத்தத்துக்கும் ஒரே முதலாளின்னு யாரும் கிடையாது."

அதைக் காயில் கட்டுகிறவர்களுக்கு வை என்று சொன்னவன் நான். எங்கள் தொழிலில் எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கேஜ் கம்பி என்பதைக் கட்டின மனைவிக்கும் சொல்ல மாட்டோம். அந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பூட்டி வைப்போம். என்னிடம் பதினோரு நோட்டு இருந்தது. பதினொன்றையும் அவளிடம் தூக்கிக் கொடுத்து, ஊருக்கெல்லாம் போடு என்றேன். அந்தத் தைரியம் இந்தத் தொழிலில் வேறு எவனுக்கும் அதுவரை வந்ததில்லை. முதல் மாதம் முப்பது பேர் சேர்ந்தார்கள். அப்புறம் நிற்கவே இல்லை. எரிந்த மோட்டாரைப் படம் எடுத்துப் போட்டால், ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற ஒருவர் அரை மணி நேரத்தில் சுற்றுக் கணக்குச் சொல்கிறார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாடியிலிருந்து இறங்கி வந்தவள் முகம் சரியில்லை. எங்களோடு இணைந்த சர்வர்களில் பெரியது ஒன்று உண்டு. தொண்ணூறாயிரம் பேர் இருக்கிற இடம். 'பெரிய வீடு' என்றுதான் நாங்கள் சொல்வோம். பம்பு விற்கிறவர்கள், கம்பி விற்கிறவர்கள், தொழிற்பள்ளி வாத்தியார்கள் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. உங்கள் சர்வரில் கொலைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறார்கள், உங்கள் பதிவுகளை இப்போதைக்கு மறைத்திருக்கிறோம், சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடர்பை அடியோடு அறுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். சாட்சியாக நான்கு பதிவுகளை எடுத்து வைத்திருந்தார்கள்.

முதலாவது: "பாடி நேத்துதான் வந்துச்சு. ரெண்டு நாள் தண்ணிக்குள்ளயே கிடந்திருக்கு. நல்லா ஊறிப்போச்சு."

இரண்டாவது: "ஒரு பக்கத் தலையை வெட்டிட்டேன். உள்ள இருக்கிறது வரமாட்டேங்குது. எரிச்சுட்டுத்தான் உருவணும்."

மூன்றாவது: "எரிக்கிறப்ப புகை வரும், பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துருவான். பின்பக்கமா வச்சுப் பண்ணுங்க."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் பாடி என்றால் மோட்டாரின் இரும்புக் கூடு. தலை என்றால் கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயிலின் நுனி. அதை வெட்டி, உள்ளே இறுகிப்போன வார்னிஷைத் தீயில் எரித்தால்தான் பழைய கம்பியை உருவ முடியும். இதை விட ஒழுங்காக இந்த வேலையைச் சொல்லவே முடியாது.

நான்காவது பதிவு என்னுடையது. "எங்க கடையில மாசம் இருபது பாடி எரிக்கிறோம். முப்பத்தெட்டு வருஷமா இதே வேலை. இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையே பதினோராயிரம் தொடர்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஆள் இன்னொரு ஆளைத் தேடிப் பிடித்துப் போட்ட முடிச்சு, அறுத்தால் தானாக ஒட்டாது என்றாள். பெரிய வீடு யாரை அறுக்கிறதோ அவர்களைச் சின்ன வீடுகளும் அறுக்கும். மூன்று வருடம் கட்டியது சனிக்கிழமை மதியத்தோடு எங்கள் தெருவுக்குள் சுருங்கிவிடும். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு இடித்தது. முதல் மூன்று பதிவுகளிலும் மோட்டார் படம் இருந்தது. படத்தைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும், அது பம்பு என்று. பெரிய வீட்டார் அனுப்பிய சாட்சியில் படத்தைக் காணோம். எழுத்து மட்டும்தான் போய்ச் சேர்ந்திருந்தது. எது போனது, எது திரும்பி வந்தது என்று சர்வர் தானாகவே எழுதி வைக்கிற லாக் ஒன்று உண்டு. அதைப் புதன்கிழமை முழுக்க வரி வரியாகப் படித்தாள். என் மனைவி மூன்று தடவை டீ கொண்டுபோய் வைத்து, மூன்று தடவையும் ஆறின டீயைத் திருப்பி எடுத்து வந்தாள்.

வியாழக்கிழமை காலை கண்டுபிடித்துவிட்டாள். கண்பார்வை இல்லாதவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுத வேண்டும் என்பது அவள் போட்ட விதி. எங்கள் ஆட்கள் குறிப்பு எழுதச் சொன்னால் காவியம் எழுதுவார்கள். அதனால் நீளமான குறிப்பை வெட்டி அனுப்ப ஒரு துண்டு நிரல், அதாவது புரோகிராம், எழுதிச் சேர்த்திருந்தாள். கோளாறு அதில்தான்.

"கம்ப்யூட்டருக்குள்ள இங்கிலீஷ் எழுத்து உட்கார ஒரு கட்டம் போதும் மாமா. நம்ம எழுத்துக்கு மூணு, சிலதுக்கு ஆறு. நான் கட்டத்தை எண்ணி வெட்டச் சொல்லிட்டேன். எழுத்தை எண்ணச் சொல்லல."

கத்தி எழுத்தின் நடு வயிற்றில் விழுந்திருக்கிறது. பாதி எழுத்தோடு வந்த குறிப்பை அந்தப் பக்கத்து இயந்திரம் சேதாரச் சரக்கு என்று படத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறது. இங்கிலீஷ்காரன் ஒருவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். நம் எழுத்தை நாமே நடுவில் வெட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். கட்டிக் கொடுத்த மோட்டார் மூன்றே நாளில் திரும்பி வந்தால் நாங்கள் என்ன சொல்வோம்? "வோல்டேஜ் பிரச்சினை" என்போம். சொல்லிவிட்டு, சத்தம் போடாமல் சரி செய்து கொடுப்போம். நீயும் அப்படியே செய், தப்பு அவர்கள் பக்கம் என்று எழுது, படிக்கத் தெரியாதவர்கள்தானே அவர்கள் என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இந்த நிரலை நான் பொதுவுல போட்டேன் மாமா. பத்தொன்பது சர்வர்க்காரங்க எடுத்து மாட்டியிருக்காங்க. நான் வோல்டேஜ்னு சொன்னா, அவங்க வீட்ல எல்லாம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

முப்பத்தெட்டு வருடத்தில் என்னைப் பதில் பேச விடாமல் செய்தவர்கள் மூன்று பேர். இவள் மூன்றாவது. மற்ற இரண்டு பேரும் என் மனைவி.

அன்றைக்கே உட்கார்ந்து சரி செய்தாள். சோதித்துப் பார்க்க மிக நீளமான குறிப்பு ஒன்று வேண்டும் என்றாள். அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? போனில் பேசப் பேச எழுதிக்கொள்ளும் வசதியைத் திறந்து வைத்தாள். நான் என் முதல் மோட்டாரில் ஆரம்பித்து மூன்றாவது மாடிக்குக் காங்கிரீட் போட்டது வரை சொல்லி முடித்தேன். அதை ஒவ்வொரு எழுத்தாக எல்லா நீளத்திலும் வெட்டிப் பார்த்தாள். நல்ல காலம், இன்னொரு தப்பும் அதில்தான் அகப்பட்டது. கட்டம் சரியாக வெட்டுப்பட்டாலும் எழுத்தின் கொம்பும் சுழியும் தனியே கழன்றன. 'பாடி' என்பது 'பாட' என்று நின்றது. கொலைக் குற்றம் போய்ப் பாட்டுக் கச்சேரி ஆகிவிட்டது. முழு எழுத்துக்கு முழு எழுத்து வெட்டுகிற மாதிரி மாற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை அதைப் பொதுவில் போட்டாள். மேலே எல்லோரும் பார்க்கிற இடத்தில், "தவறு என்னுடையது. நம் எழுத்தைக் கட்டக் கணக்கில் வெட்டினேன். மாட்டியவர்கள் உடனே மாற்றுங்கள்" என்று தன் பெயரில் எழுதினாள். பத்தொன்பது பேருக்கும் தனித்தனியாகவும் சொன்னாள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை. இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். ஒருத்தர், தன் ஊர் எழுத்திலும் இதே வியாதி மூன்று மாதமாக இருந்தது, காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினார். படங்களைப் பெரிய வீட்டுக்குத் திரும்ப அனுப்பிவிட்டு, நடந்ததை அப்படியே அவர்களுக்கும் எழுதினாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் பதில் வந்தது. படங்கள் கிடைத்தன, மூன்று பதிவும் புரிந்தது. ஆனால் மாதம் இருபது பாடி எரிக்கிறவர் எந்தப் படமும் போடவில்லையே, அவர் யார் என்று கேட்டிருந்தார்கள்.

என் பதிவில் படமே கிடையாது. என் பேச்சுக்குப் படம் எதற்கு என்று நான்தான் போடவில்லை.

என் மனைவி படியில் நின்றபடி, "முப்பத்தெட்டு வருஷமா என்கிட்ட பெருமை பேசினது பத்தாதுன்னு, இப்ப உலகத்துக்கே பேசி மாட்டிக்கிட்டீங்களா" என்றாள்.

சர்வரக்கா, பெரிய வீட்டில் புகார்களைப் பார்க்கிற காவல்காரரை வீடியோவில் கூப்பிட ஏற்பாடு செய்தாள். பதினொன்றுக்கு அவர் கிடைத்தார். சம்பளம் இல்லாமல் அந்தக் காவல் வேலையைப் பார்க்கிற பல் டாக்டர் அவர். பின்னால் நாற்காலியும் விளக்கும் தெரிந்தன, முகமூடி தாடையில் தொங்கியது. நம் மொழி நன்றாகப் பேசினார்.

"வணக்கம் ஐயா. அந்த இருபது பாடி நீங்கதானா?"

"அது போன வருஷம் எழுதினது டாக்டர். இப்ப முப்பது."

சர்வரக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் நடந்தேன். அலமாரியில் வரிசையாக நிற்கிற மோட்டார்களைக் காட்டினேன். தலை வெட்டியது, வெட்டாதது, தண்ணீரில் கிடந்து ஊறியது எல்லாம் காட்டினேன். பின்பக்கம் போய் எரிக்கிற அடுப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு பாடி சிவந்து கிடந்தது. முன்பே வெளியே எடுத்து ஆறவைத்திருந்த இன்னொன்றைக் குறட்டால் பிடித்து ஒரு இழு இழுத்தேன். பழைய கம்பி கொத்தாக உருவிக்கொண்டு வந்தது.

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "நானும் இதைத்தான் பண்றேன் ஐயா. மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் பண்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு அவளிடம் பேசினார். படம் வராமல் போனது உங்கள் தவறு என்று நீங்களே எழுதியதைப் பார்த்தேன், இங்கே நோட்டீஸ் அனுப்பினால் பத்தில் எட்டுப் பேர் எங்களைத்தான் திட்டுவார்கள் என்றார். அவள் அப்போதும் சும்மா இருக்கவில்லை. எங்கள் தவறு பாதிதான் டாக்டர், புகார் வருகிறபோது அந்தச் சர்வர் எந்தத் தொழில்காரர்களுடையது என்று உங்கள் திரையில் தெரிவதே இல்லை, ஒரு வரி தெரிந்திருந்தால் நீங்களே சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள் என்றாள். புகார்ப் பிரிவில் பதினெட்டு வருடம் எதிர்ப்பக்கக் குரலைக் கேட்டவள் அல்லவா? அந்த ஒரு வரி தெரிகிற மாதிரி நிரல் எழுதித் தர முடியுமா என்று டாக்டர் கேட்டார்.

பதினொன்று நாற்பதுக்குத் தடையை எடுத்தார்கள். ஒரு முடிச்சுகூட அறுபடவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவள் அந்த வேலையில் உட்கார்ந்தாள். ஒரு பதிவின் மேல் புகார் வந்தால், அது வந்த சர்வரின் அறிமுகமும் அவர்கள் புழங்குகிற தொழிற்சொற்களின் பட்டியலும் காவல்காரர் திரையில் சேர்ந்தே தெரியும்படி எழுதினாள். நோயாளிகள் இல்லாத நேரத்தில் டாக்டர் சோதித்துச் சொன்னார். பொது மென்பொருளைக் காக்கிறவர்கள் ஏழு வாரம் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சளைக்காமல் பதில் சொன்னாள். எட்டாவது வாரம் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் சர்வர்களில் அது ஓடுகிறது. மாதிரிக்கு அவள் வைத்த பட்டியலில் முதல் சொல் 'பாடி'. அதன் விளக்கத்தைச் சொன்னவன் நான், எழுதியவள் அவள். அந்த நிரலில் அவள் பெயர் இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது.