மழை நாளில் கொஞ்சம் குரைக்கும்

ஏலத்தில் பொருள் விற்கிறவளுக்கு ஏலக்காய் என்று பட்டப்பெயர் வைக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். வைத்தவர் கட்டிய கணவர்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் அவர் வாத்தியார். நாள் முழுக்க அடுத்தவர் காலை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற வேலை என்பதால், வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருக்காது. அவர் விளையாட்டாகக் கூப்பிட்டது மாடிப்படி இறங்கி, எதிர் வீட்டுக்காரர், பார்சல் எடுக்க வருகிறவர், கீழ்த்தளத்துத் தையல்காரர் என்று எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. “மணக்கிற பேர்தானே, இருந்துட்டுப் போகட்டும்” என்பாள்.

தெரிந்தவர்கள் தங்கள் வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கியதை இணைய ஏலத்தில் போட்டு விற்றுக் கொடுப்பது அவள் தொழில். விற்றால் அவளுக்கு ஒரு பங்கு. சாப்பாட்டு மேஜை என்று அந்த வீட்டில் ஒன்று இருந்தது. இப்போது அதன்மேல் அட்டைப்பெட்டிகளும் டேப்பும் எடை பார்க்கிற தராசும் குடியேறிவிட்டன. கணவனும் மனைவியும் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறார்கள். படம் எடுப்பதற்கென்று ஜன்னல் ஓரக் கொடியில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு தொங்கும். அதன் முன்னால் நிறுத்திவிட்டால் ஓட்டை மின்விசிறிக்குக்கூடக் கல்யாணக் களை வந்துவிடும்.

இந்தத் தொழிலில் அவள் முதலில் நன்றாக மொத்து வாங்கியவள். கணவரின் பழைய கேமரா ஒன்றை ஏலத்தில் போட்டிருந்தாள். கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவன் கேட்ட விலையைவிடக் கூடக் கொடுத்து எடுத்தான். பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படமும் அனுப்பினான். “என் ஆள் வந்து வாங்கிக்கொள்வார்” என்றான். வந்த ஆள் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. கேமராவைக் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, “பார்த்துப் போங்க தம்பி” என்று வாசல்வரை போய் வழியனுப்பி வைத்தாள். பணம் வரவேயில்லை, அந்தப் படமே போலி. அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். கேமரா போனதற்கு இல்லை, தண்ணீர் கொடுத்ததற்கு.

அழுது முடித்ததும் அந்தக் கப்பல்காரன் எழுதியதையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தாள். முதலிலிருந்து கடைசிவரை அவன் ஒரு தடவைகூடக் ‘கேமரா’ என்று எழுதவில்லை. பொருள் இருக்கிறதா, பொருள் பிடித்திருக்கிறது, பொருளை எப்போது எடுக்கலாம். ஒரே பொருள்மயம். அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது. கேமரா வாங்குகிறவன் கேமரா என்பான். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று உயிரை எடுப்பான். ஏமாற்றுக்காரன் ஒரே கடிதத்தைக் கட்டில் விற்கிறவளுக்கும் கிடார் விற்கிறவளுக்கும் அனுப்புகிறவன். அவனுக்கு எல்லாமே பொருள்தான். அன்று முதல் அவர்களுக்குப் ‘பொருளார்’ என்று பெயர் வைத்தாள்.

பொருளாரைக் கண்டுபிடிக்க அவளே ஒரு சோதனையும் உண்டாக்கினாள். சைக்கிள் ஒன்று விற்கும்போது இப்படி எழுதினாள்: “ஒரு சின்னக் குறை. ரெண்டாவது கியர் போட்டா பால் பொங்கும். பரவாயில்லையா?” நிஜமாக வாங்க வந்த மாணவி, “என்ன ஆன்ட்டி சொல்றீங்க?” என்று கேட்டாள். பொருளார் ஒருவர், “பரவாயில்லை, பொருள் பிடித்திருக்கிறது, இந்த இணைப்பை அழுத்தி உங்கள் வங்கி விவரம் கொடுங்கள்” என்று எழுதினார். தையல் மெஷினுக்குக் கொம்பு ஒன்று உடைந்திருக்கிறது என்றாள். அலமாரி ராத்திரியில் கொட்டாவி விடும் என்றாள். பொருளார்கள் பெருந்தன்மைக்காரர்கள், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள். ஒருவர் தவறிப் பணம் கூடுதலாக அனுப்பிவிட்டதாகவும், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றும் கெஞ்சினார். “மொதல்ல அந்தக் கொம்பை ஒட்டித் தாங்க, அப்புறம் பேசலாம்” என்று பதில் போட்டாள். சாப்பிடும்போது இதையெல்லாம் கணவருக்குப் படித்துக் காட்டுவாள். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்.

இப்படி நாட்கள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் நாத்தனார் ஒரு வட்டப் பெட்டியோடு வந்தாள்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். நடுவில் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, ரொம்பப் பாடுபட்டு எழுந்து வந்தவள். அந்த நாட்களில் அண்ணனும் அண்ணியும் பக்கத்திலேயே இருந்தார்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது. முடியும் காதைத் தொடுகிற அளவுக்குச் சுருள் சுருளாக வளர்ந்துவிட்டது. முன்பு நேர் முடி, இப்போது சுருட்டை. “புது ஆளைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் குதிக்கிறாரு அண்ணி” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பெட்டிக்குள் இருந்தது நிஜ முடியில் செய்த விக்.

“அண்ணி, இதை வித்துக் குடுங்க. என்ன விலைக்குப் போனாலும் சரி. ஆனா தலையில வெச்சுக்கிறவங்களுக்குத்தான் போகணும். கடைக்காரன் கையில மாட்டிப் பிரிச்சு வித்துடக் கூடாது. இது என்னை எத்தனை எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு தெரியுமா? இன்னொருத்தியையும் கூட்டிட்டுப் போகட்டும்.”

“என்கிட்ட விட்டுட்டியில்ல, கவலைய விடு” என்றாள் ஏலக்காய். வாக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளை விரிப்புக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து, அதன்மேல் விக்கை மாட்டி, சீவி, படம் எடுத்துப் போட்டாள்.

மறுநாளே ஒரு செய்தி வந்தது. “வணக்கம். பொருள் இன்னும் இருக்கிறதா? எனக்கு அவசரம். கேட்ட விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன். ஏலத்தை இன்றே முடித்துவிட முடியுமா? நான் நேரில் வர இயலாது, என் தம்பி வந்து பொருளை வாங்கிக்கொள்வான். தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம்.”

படித்ததும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பொருள் இருக்கிறது, அவசரம் இருக்கிறது, கூடுதல் விலை இருக்கிறது, வந்து வாங்கிப்போகத் தம்பி இருக்கிறான். பாக்கி ஹெல்மெட் ஒன்றுதான். உடனே எழுதினாள்: “ஒரு சின்னக் குறை. மழை நாள்ல இது கொஞ்சம் குரைக்கும். பரவாயில்லையா?”

பதில் வரச் சற்று நேரம் ஆயிற்று. “பரவாயில்லை. எனக்குச் சீக்கிரம் கிடைத்தால் போதும்.”

அவ்வளவுதான். நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கு, போன கேமரா, கொடுத்த தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொள்ள விரல் பறந்தது. “அடேய், குரைக்கிற விக்கை வாங்க வர்ற முதல் ஆள் நீதான். உன் பொருளை வேற எங்கயாவது போய்த் தேடு. தலையில ஒண்ணுமே இல்லையா உனக்கு?” என்று அனுப்பி, ஏலத்திலிருந்தும் தூக்கி, இனி எழுத முடியாதபடி தடையும் போட்டாள். அன்றைக்குச் சோறு ருசியாக இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் வேலை முடிந்து வந்தாள். நடந்ததை ஏலக்காய் நடித்தே காட்டினாள். ‘குரைக்கும்’ என்ற இடத்தில் கணவர் குரைத்தும் காட்டினார். நாத்தனாரும் சிரித்துக்கொண்டேதான் போனை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றது.

“அண்ணி, இது பொம்பளை.”

“எப்படிச் சொல்ற?”

“நான் இதை என்னைக்காவது பேர் சொல்லி இருக்கேனா? வாங்கப் போன கடையிலகூட ‘அது இருக்கா’ன்னுதான் கேட்டேன். வாயில வரவே வராது அண்ணி, சொன்னா அழுகை வந்துடும். வெளிய வர முடியாது, நாலு பேர் பார்ப்பாங்க. போன்ல பேச முடியாது, பக்கத்துல குழந்தைங்க இருக்கும். அவசரம், ஏன்னா கொட்ட ஆரம்பிச்சுட்டா ஒரு வாரம் தாங்காது.”

ஏலக்காய்க்குத் தான் எழுதின கடைசி வரி கண்ணில் பட்டது. தலையில ஒண்ணுமே இல்லையா உனக்கு. இவ்வளவு நாளாகத் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டிருந்தவள், அந்த நிமிஷம் தன்னையே வெறுத்தாள்.

கணவர் மட்டும் நிதானமாக, “இடிச்சாச்சு. இப்ப வண்டியைப் பின்னால எடு” என்றார்.

தடையை நீக்கிவிட்டு எழுத உட்கார்ந்தாள். விக் என்று எழுதினால் அந்தப் பெண் மனம் புண்படுமே என்று பார்த்துப் பார்த்து எழுதினாள்: “அம்மா, தப்பா நினைச்சுட்டேன், மன்னிச்சுடுங்க. பணமே வேண்டாம். பொருளை உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். உடனே வாங்க.” கீழே வீட்டு முகவரி.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. “பணம் வேண்டாம் என்றால் உங்களுக்கு என்னதான் வேண்டும்? என்னை விட்டுவிடுங்கள்.”

கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, “பணம் வேண்டாம், உடனே வா, பொருள் இருக்கு. நானா இருந்தாலும் உன்னைப் போலீஸ்லதான் பிடிச்சுக் குடுப்பேன்” என்றார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்லவளாக எழுதினால்கூடப் பொருளாராகத்தான் வருகிறது. ஒரு கண்ணாடி டம்ளர் வாங்குகிறவள்கூட இனித் தன்னை நம்ப மாட்டாள் என்று நொந்துகொண்டாள்.

நாத்தனார் அண்ணியின் போனை வாங்கிக்கொண்டாள். தன் போனில் எதையோ ரொம்ப உள்ளே போய்த் தேடினாள். சிகிச்சை நடந்தபோது குளியலறைக் கண்ணாடி முன்னால் தானே எடுத்துக்கொண்ட படம் அது. மொட்டைத் தலை, புருவம்கூட இல்லை. கட்டின புருஷனுக்கும் கூடப்பிறந்த அண்ணனுக்கும் காட்டாமல் வைத்திருந்ததை முகம் தெரியாத ஒருத்திக்கு அனுப்பினாள். பக்கத்திலேயே இன்று எடுத்த ஒரு படம், சுருட்டை முடியோடு. கீழே ஒரே வரி: “அது என்னோடதுதான். வாங்க.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படுக்கை விரிப்பில் என்னதான் அப்படிப் பார்த்தாரோ.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. “நாளைக்கு வருகிறேன். நானே வருகிறேன்.”

மறுநாள் வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சராம். தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி, கூடவே அந்தத் தம்பி. தம்பிக்கு மீசைகூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஏலக்காய் அவனைப் பார்த்துக் குற்றவாளி மாதிரி கூசினாள். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படி எழுதின கையை உடைச்சுப் போடணும்மா” என்றாள்.

“அதை விடுங்கக்கா. ஆனா ஒண்ணு மட்டும் புரியல. குரைக்கும்னு எழுதியிருந்தீங்களே, அது என்ன?”

“அது தெரியாமலா பரவாயில்லைன்னு சொன்னீங்க?”

“நிஜமாவே புரியல. ஆனா எனக்கிருந்த நிலைமையில, கடிச்சாலும் பரவாயில்லைன்னு தோணிச்சு.”

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு வீடே சிரித்தது. கணவருக்கு வழக்கம்போலப் புரையேறியது. தம்பிதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

நாத்தனார் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எப்படி மாட்டுவது, எந்தச் சீப்பால் சீவுவது, வேர்த்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் தலையை ஆட்டினாள். ஆனால் அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நாத்தனாரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? தொட்டுப் பார்க்கட்டுமா?”

நாத்தனார் பேச்சை நிறுத்தினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கைக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தாள்.

“தொட்டா மட்டும் என்ன தெரியும்? நல்லா இழுத்தே பாருங்க” என்றாள்.

டீச்சர் இழுத்துப் பார்த்தாள்.