எந்த வருசத்துச் சலஞ்சர்?

கார் விற்கிற தொழிலில் காரைப் பற்றிக் கதைப்பது குறைவு. வாங்க வந்தவரின் வீட்டைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். பாவித்த கார் வாங்க அலைந்து, கடைக்கொரு கதை கேட்டுக் களைத்துப்போனவர்களே, மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கும் அதே களைப்புத்தான்.

நான் வேலை செய்வது மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில், ஒரு சின்ன விற்பனை நிலையத்தில். முதலாளி மிஷெலுக்கு சலஞ்சர் என்றால் உயிர். எழுபதுகளில் ஓடிய அமெரிக்கக் காரின் முகத்தையும் அகன்ற தோளையும் வைத்துக்கொண்டு 2008 தொடக்கம் 2023 வரை புதிதாகச் செய்துவிட்ட, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது. வெளித்தோற்றம் பெரிதாக மாறவேயில்லை. 2015இல் உள்பக்கத்தையும் கியரையும் மாற்றினார்கள். 2017இல் நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், இழுக்கிற வகை ஒன்று வந்தது. ஆனால் அது ஆறு சிலிண்டரில் மட்டும். ஆகவே வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த வருசத்தை எடுக்கலாம்?

வீடியோவில் இல்லாதது

கார்த்திக் சென்னையிலிருந்து வந்தவர், ஐடி வேலை. ஒவ்வொரு வருசத்து சலஞ்சரிலும் எந்த மூலையில் என்ன மாறியது என்பது அவருக்கு மனப்பாடம். “நைன்டீன் வி-எய்ட்தான் மேடம். வேற எதையும் காட்டாதீங்க” என்று, எட்டு சிலிண்டர் 2019ஐக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். மொன்றியலில் அவருக்கு அது முதல் பனிக்காலம்.

அன்று காலையில் பனி கொட்டியிருந்தது. கடைக்குப் பின்னால் உள்ள வெறும் வாகனத் தரிப்பிடத்தில் முதலில் காரை ஓடிப் பார்க்கச் சொன்னேன். பின்சில்லு இழுக்கிற கார், பனிக்கால ரயர் போட்டிருந்தாலும் அக்சிலேற்றரை மெதுவாக அமத்துங்கோ என்றேன். பாவம், அவர் மெதுவாகத்தான் அமத்தினார். கார் முன்னுக்குப் போகிறதற்குப் பதிலாக, வால் ஆறுதலாகச் சுற்றி வந்து, நாங்கள் புறப்பட்ட வாசலைப் பார்த்தபடி நின்றது. எதிலும் முட்டவில்லை.

பிறகு அவர் நாலு சில்லும் இழுக்கிற ஆறு சிலிண்டரைத்தான் எடுத்தார். அன்று காரை விட்டு இறங்கும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “மேடம், நான் பாத்த வீடியோ எல்லாத்துலயும் வெயில்தான் அடிச்சுது.”

பின் சீற்

வில்லரேயிலிருந்து ரமணனும் சுபாவும் வந்தார்கள். பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குப் போகிற வயதில் இரண்டு பிள்ளைகள். ரமணன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கவேண்டும். காரைக் கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். “மற்ற ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இல்லை சுபா. பின்னுக்கு நல்ல இடம். டிக்கியைப் பாரும், கடலளவு.”

சுபா தங்கள் வான் வண்டியிலிருந்து பிள்ளையின் சீற்றைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். ரமணன் முன்சீற்றை மடித்து, குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, சீற்றையும் தன்னையும் எப்படியோ பின்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பட்டியை மாட்டிக் “கிளிக்” என்று சத்தமும் கேட்டது. வெற்றிதான். ஆனால் திரும்பி வர வழியில்லை. ஒரு பக்கம் பிள்ளையின் சீற், மறுபக்கம் அவருடைய வயிறு. முன்சீற்றை இன்னும் தள்ளுவோமா என்று நான் கையை நீட்ட, சுபா என்னைத் தடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, ஒருத்தரின்ர உதவியுமில்லாமல் வெளியில வாங்கோ. வந்தால் வாங்குவம்.”

புதுசும் பழசும்

தர்சினி ஆஸ்பத்திரியில் தாதி. அஹுன்ட்சிக் பக்கம் வீடு. உழைத்துத் தனக்கென்று வாங்குகிற முதல் கார், தகப்பன் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் காரைச் சுற்றி வந்து, வட்ட விளக்குகளைப் பார்த்து, “இது சரியான பழசு பிள்ளை” என்றார். இல்லை அப்பா, 2021 என்றாள் அவள். பழைய மாதிரியில் புதிதாகச் செய்தது என்று நானும் விளங்கப்படுத்தினேன். கதவைத் திறந்து திரையைக் காட்டினேன், பின்பக்கக் கமராவைக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்து முடித்தவர், மகள் கையெழுத்துப் போட்ட பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “பழசைப் புதுசெண்டு விக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன் தங்கச்சி, புதுசைப் பழசு மாதிரிச் செய்து விக்கிறதை இப்பதான் காணுறன்.”

கையால் பார்த்தவர்

பனி கரைந்து வீதி காய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை சண்முகலிங்கம் அண்ணையும் வதனி அக்காவும் வந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, அக்காவின் கையைப் பிடித்திருந்தார். நான் வழக்கம்போல நிறத்தையும் சில்லின் அழகையும் சொல்லத் தொடங்க, அவர் சிரித்தார். “பிள்ளை, எனக்குக் கண் தெரியாது. காட்டிக் களைக்காதேயும். ஸ்டார்ட் பண்ணும்.”

பேக்கரி ஒன்றுக்கு லொறி ஓடிய மனிதர். பிள்ளைகள் வளரட்டும், வீடு வாங்கட்டும் என்று இந்தக் கார் ஆசையைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குள் சலரோகம் என்கிற நீரிழிவு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. அவர் முன்னுக்கு நடக்க, அக்கா என் காதோடு சொன்னா: “வீட்டை விட்டு வெளிக்கிடாமல் படுத்தே கிடந்தவர். நான் கார் ஓடுறன், வாங்குவம் எண்டு சொன்ன பிறகுதான் காலமையில எழும்பிச் சவரம் எடுக்கிறார்.”

2012, எட்டு சிலிண்டர். 2016, ஆறு சிலிண்டர். 2019, மறுபடி எட்டு. ஒவ்வொன்றாக ஸ்டார்ட் பண்ணினேன். அவர் உள்ளங்கையை முன் மூடியில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு சிலிண்டருக்குக் கையை உடனே எடுத்துவிட்டார். 2012இல் வெகுநேரம் நின்றார். ஆனால் ஓடப்போவது அக்கா. சின்னக் கார் ஓடிப் பழகினவ. இந்தக் காரிலோ பின்மூலை தெரியாது. 2019இல் பக்கத்தில் வாகனம் வந்தால் பக்கக் கண்ணாடியில் ஒரு விளக்கு எரியும். அதைக் கண்டதும் அவவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஆற்றோர வீதியில் ஓடிப் பார்த்தோம். நான் பின்சீற்றில். அக்கா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தா. அண்ணை யன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியில் விட்டு, கியர் மாறும்போதெல்லாம், “இப்ப மாத்தினது” என்றார். வளைவு ஒன்றில் அக்கா பயந்து வேகத்தைக் குறைத்தபோது, “நல்லாத்தான் ஓடுறீர், நான் ஆறுதலாத்தானே இருக்கிறன்” என்றார். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் இருவரும் உடனே இறங்கவில்லை.

2019 என்று முடிவானது. எங்களிடம் அந்த வருசத்தில் கறுப்பு ஒன்றும் செம்மஞ்சள் ஒன்றும் நின்றன. எதை எடுப்பது என்று கேட்டேன். அண்ணை வாயைத் திறக்குமுன் வதனி அக்கா செம்மஞ்சளில் கையை வைத்துச் சொன்னா: “சத்தம் உங்கட விருப்பம், நிறம் என்ர விருப்பம். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில இப்பதான் சண்டையில்லாமல் ஒரு சாமான் வாங்குறம்.”

எந்த வருசம் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இன்றைக்கும் சொந்தமாக ஒரு பதில் கிடையாது. கூட வந்தவர் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, அவர் சொல்வதையே என் அனுபவத்தில் கண்டது என்று சொல்லிவிடுகிறேன்.