அண்ணனின் தீவும் என் ஜடையும்

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தலைமுடியை அம்மா பெருமாளுக்கு நேர்ந்துவிட்டாள். அது எனக்குத் தெரிந்தது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில், அவளே எனக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது. பாதிப் பின்னலில் கை நின்றது. "இந்தா, உங்கிட்ட சொல்ல மறந்தே பூட்டேன்" என்று ஆரம்பித்தாள். உப்பு வாங்க மறந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. திருப்பதியில், திருச்சானூர் போகிற சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். பூர்வீகம் நகரிப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், அவர் தபால்காரர். என்னைவிட ஆறு வயது மூத்த என் ஒரே அண்ணன் ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டுக்குக் காவலாக, பாரஸ்ட் கார்டாக இருந்தான். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ராக்கெட் என்பார்கள். அன்றைக்கு அது மதராஸ் அடுப்புகளுக்கு விறகு அனுப்புகிற ஒரு தீவு, அவ்வளவுதான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி.

ஐப்பசியில் அங்கே அவனுக்கு டைபாய்டு கண்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று ஒரு தபால் கார்டு வந்தது. அதைத் தன் பையிலிருந்து தானே எடுத்துப் படித்த நைனா, அன்றைய மீதித் தபாலை எப்படிக் கொடுத்து முடித்தார் என்று அவருக்கே தெரியாது. உடனே ரயிலேறிப் போனார். நான்கு நாள் கழித்து வந்து, "எறங்கிடுச்சு. இனிமே பயமில்ல" என்றார். நைனாவிடமிருந்து அதற்குமேல் ஒரு சொல் பிடுங்க முடியாது. ஆனால் அந்தக் கார்டு வந்த அன்றே அம்மா வேண்டிக்கொண்டு விட்டாளாம்: பிள்ளை பிழைத்து எழுந்தால் பெண்ணின் முடியை மலைக்குக் கொடுக்கிறேன் என்று.

"அவன் முடிய நேந்துக்கறதுதான?" என்றேன்.

"அவனுதும்தான் நேந்துக்கினேன். அது பத்தாதுன்னு பட்டுச்சு."

"அப்போ உன்னுத குடுக்கறது!"

"என்னுது இன்னா முடி, எலி வாலு. அத்தப் போயி பெருமாள் கேட்டாரா?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாளாம் என்பார்களே, அதுதான். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனேன். நான் அழகியில்லை. பல் கொஞ்சம் தூக்கல், நிறம் கறுப்பு. ஆனால் பின்னலை அவிழ்த்து விட்டால் முடி முழங்காலைத் தொடும். தெருவில் எனக்கு அடையாளமே ஜடைக்காரப் பெண் என்பதுதான். மொட்டை பார்த்துப் பழகிய ஊர்தானே என்று யாரும் சொல்லிவிடலாம். அதெல்லாம் வெளியூர்க்காரர் மொட்டை. மறுநாள் ரயிலேறிப் போய்விடும். நான் அந்த மொட்டையோடு எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் பரீட்சை முடிகிற வரைக்கும் உட்கார வேண்டும்.

கிறிஸ்துமஸ் லீவு வந்தது. "அண்ணன்கிட்ட போயி பத்து நாளு இரு. வாய்க்கு ருசியா எதனா செஞ்சு போடு. வரச்சொல்ல அவனையும் கூட்டிக்கினு வா, மலைக்குப் போயி முடிச்சுடலாம்" என்றாள் அம்மா. சரியென்று உடனே கிளம்பினேன். அண்ணன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால், என் மனசில் வேறொரு திட்டம் இருந்தது. வந்தது வெறும் ஜுரம்தான், உயிருக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும். ஆபத்தே இல்லாத இடத்தில் வேண்டுதல் எப்படிச் செல்லும்? நேரே வந்து அம்மாவிடம் வழக்காடிவிடுவேன்.

நைனாதான் கொண்டுபோய் விட்டார். கூடூர் வரைக்கும் ஒரு ரயில், அங்கிருந்து சூலூர்ப்பேட்டைக்கு இன்னொன்று. பெட்டியில் நான்கைந்து பேர் எல்லைச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆந்திரா தனியாகப் பிரிந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த காலம். ஒருவர் நைனாவைப் பார்த்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "நான் தபால் பக்கம்" என்று சொல்லிவிட்டு நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

ஏரிக்கரையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தான். இளைத்திருந்தான், சட்டை யாருடையதோ போலத் தொங்கியது. ஆனாலும் தன் காலில் நின்றான், பல்லைக் காட்டிச் சிரித்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, இப்படி நிற்கிறவனுக்கு என்ன பெரிய ஜுரம் வந்திருக்கும் என்று என் வழக்கு உள்ளே ஓட ஆரம்பித்தது. நைனா அவன் தோளை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிவிட்டார்.

பாய்மரப் படகில் ஏரியைக் கடந்தோம். தண்ணீர் நடுவே ஒரு நீளத்துக்கு வெளுப்பும் சிவப்புமாக ஏதோ கிடந்தது. கிட்டே போனதும் அத்தனையும் எழுந்து பறந்தது. பூநாரைகள். நான் வாயைப் பிளந்தேன்.

"வாய மூடு, எச்சம் போட்டுடும்" என்றான் அண்ணன்.

படகிலேயே கேட்டுவிட்டேன். "ஏன்ணா, ஜுரம் ரொம்பவா இருந்துச்சு?"

"அட, சும்மா ஜுரம். நாலு நாளு படுத்துக்கினு இருந்தேன், எழுந்துக்கினேன். அதுக்குப் போயி அம்மா ஊர கூட்டிட்டாளா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா ஜுரம்! அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். என் முடி பிழைத்தது என்று ஜடையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டேன்.

அந்த முதல் நான்கு நாள் போல நான் எந்த லீவிலும் இருந்ததில்லை. பனையோலை வேய்ந்த ஒற்றை அறை வீடு. சுற்றிலும் காடு, வெட்டி அடுக்கிய விறகு, ஈர மரத்தின் வாசனை. கடலை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அண்ணன் கூட்டிப்போய்க் காட்டினபோது, "இத்தினி தண்ணியா!" என்று கத்தினேன். "மெதுவா சொல்லு, ரெண்டு கவர்மெண்டும் பங்குக்கு வந்துடும்" என்றான். அந்தத் தீவில் வெட்டுகிற விறகு மதராஸுக்குப் போகும், அவன் சம்பள ஆர்டர் ஆந்திராவின் புதுத் தலைநகர் கர்னூலிலிருந்து வரும். தெலுங்குக்காரர்கள் அவனை அரவம், அதாவது தமிழன் என்பார்கள், விறகெடுக்க வரும் தமிழர்கள் அவனைத் தெலுங்கன் என்பார்கள். "எவன் கூப்டாலும் ஏன்னு கேப்பேன்" என்பான். மடவை மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தேன். மூன்று தரம் போட்டுத் தின்றான். துண்டை மட்டும் தலையிலிருந்து எடுக்கவில்லை. உப்புக் காற்று ஆகாது என்றான். நானும் நம்பினேன்.

கிணற்றுத் தண்ணீரும் உப்புத்தான். இரண்டு தரம் தலைக்கு ஊற்றிக்கொண்டதில் என் முடி தேங்காய் நார் போலாகிவிட்டது. அதைப் பார்த்த, எங்களை ஏரி தாண்டிக் கொண்டுவந்து விட்ட படகுக்காரரின் மனைவி, மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, தானே என்னை உட்கார வைத்துத் தலையை அலசினாள். அண்ணனுக்கு இத்தனை நாளும் சோறு பொங்கிப் போட்டவள் அவள்தான். வயது அம்மா வயதிருக்கும். தெலுங்குதான் பேசுவாள்.

முடியைச் சிக்கெடுத்துக்கொண்டே தானாகவே சொன்னாள், அன்றைக்கு உன் அண்ணன் பிழைப்பான் என்று இந்தத் தீவில் ஒருத்தரும் நினைக்கவில்லையம்மா என்று.

"சும்மா ஜுரம்னு சொன்னாரே?" என்று தெலுங்கில் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. பதினோரு நாள் யாரையும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லையாம். இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி, மேலே கட்டிலைப் போட்டு அவனைக் கிடத்தி, ஏரியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாதியில் காற்று எதிர்த்து அடித்ததாம். அவள் கரை சேரும்வரை அவன் நெற்றியில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். அவன் பிதற்றிக்கொண்டே வந்தானாம். தமிழில் பிதற்றியதால் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதால் மனப்பாடமாகிவிட்டது என்று, அர்த்தம் தெரியாமலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாள்.

"பாப்பா, உக்காரு. பாப்பா, ஆடாத, உக்காரு. படகு கவுந்துடும்."

வீட்டில் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவது அண்ணன் ஒருவன்தான். நான் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவன் மத்தியானத் தூக்கத்தில் இருந்தான். துண்டு நழுவிப் பாயில் கிடந்தது. தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முடி. கோழி கிளறிய பாத்தி மாதிரி இருந்தது. டைபாய்டு வந்தால் முடி கொட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவன் விழித்துப் பார்த்து, சட்டென்று துண்டைத் தேடினான். பிறகு விட்டுவிட்டான்.

"நான் மலை ஏறி வர்ற வரைக்கும் பெருமாளுக்குப் பொறுக்கல. அவரே வந்து எடுத்துக்கினு பூட்டாரு. தலைக்கு வந்தது முடியோட போச்சு, வுடு" என்றான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொன்னியே! சும்மா ஜுரம்னு பொய் சொன்னியே!" என்று அவன் முதுகில் இரண்டு அறை வைத்தேன். அந்த அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவின் வேண்டுதல், என் வழக்கு, அவனுக்கு ஜுரம் சின்னதாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது, எல்லாம்.

முதலில் சிரித்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. "உன் முடிய நேந்துக்க அவ யாரு? இப்பவே கார்டு எழுதறேன். நீ ஒரு மயிரும் குடுக்க வாணாம்."

"நீ ஒண்ணும் எழுதாத. நான் குடுக்கறேன்."

"இன்னா?"

"குடுக்கறேன்னு சொல்றேன்ல. முடிதான, வளரும். நீ போயிருந்தா வளருவியா?"

அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் சொன்னதும், ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அன்று ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

படகுக்காரர் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. கூரையில் காகித நட்சத்திரம் தொங்கியது. இறால் குழம்பைப் பரிமாறிக்கொண்டே அந்த அம்மாள், தானும் மாதாவிடம் இவனுக்காக வேண்டிக்கொண்டதாகவும், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகவும் சொன்னாள்.

அண்ணன் என் பக்கம் குனிந்து, "என்னக் காப்பாத்துனது யாருன்னு இப்போ மாதாவுக்கும் பெருமாளுக்கும் தகராறு. எல்லைக் கமிஷன் போட வேண்டியதுதான்" என்றான். சிரிப்பில் எனக்குப் புரை ஏறியது.

மீதி நாளெல்லாம் தினமும் கடற்கரைக்குப் போனேன். முடியை அவிழ்த்துக் காற்றில் விட்டுவிடுவேன். சிக்கு விழுந்தால் விழட்டும், இனி யாருக்கு என்ன?

அண்ணனுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. இருவருமாக ஊருக்குத் திரும்பினோம். அம்மா அவன் தலையைத் தடவித் தடவி அழுது முடித்த பிறகு, அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "எப்போ மலைக்குப் போறோம்? நான் குடுக்கறேம்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சண்டைக்கு வருவேன் என்று ஏதேதோ பதில் எடுத்து வைத்திருந்திருப்பாள் போல. எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் அலிபிரியில் படியேறினோம். அண்ணன் பத்துப் படிக்கு ஒருதரம் உட்கார்ந்தான். மேலே போய்ச் சேர்ந்து, முடியிறக்கும் இடத்தில் வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு எடுக்க அதிகமில்லை. நாவிதர் நான்கே இழுப்பில் முடித்துவிட்டார். அடுத்தது நான். ஜடையை அவிழ்த்து விட்டேன். பக்கத்திலிருந்த பெண்கள் ஐயையோ என்றார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எவரிக்கம்மா?" என்று நாவிதர் தெலுங்கில் கேட்டது காதில் விழுந்தது. யாருக்கு என்கிறார்.

"எனுக்கு" என்றது அம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். அம்மா என்னைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டு முன்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது எலி வாலுன்னியே?"

"எலி வாலா இருந்தாலும் என்னுது" என்று தலையைக் குனிந்தாள்.

எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது அதுதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. சொன்னது ஒன்று, கொடுப்பது ஒன்று என்றால் பெருமாள் சும்மா இருப்பாரா? அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அட்ரஸ்ஸு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும், ஊர் பேரு சரியா இருந்தா கார்டு போயி சேந்துடும், பாப்பா" என்றார். அதுவரை நைனா என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

தரிசனம் முடித்து அலிபிரிப் படியில் இறங்கினோம். அண்ணன் மொட்டையும் அம்மா மொட்டையும் சந்தனம் பூசி முன்னால் போயின. அண்ணன் ஏதோ சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனாள். நான் பின்னால் வந்தேன். என் ஜடை ஒவ்வொரு படிக்கும் முதுகில் தட்டிக்கொண்டே வந்தது. அம்மாவின் தலையை நிமிர்ந்து பார்க்காமல், படியைப் பார்த்தே கீழே வரைக்கும் இறங்கினேன்.