பிளாரன்ஸிடம் கொடுத்த பெல்ட் வண்டி

வண்டிகள் இரண்டும் ஒரே லாரியில்தான் மணப்பாட்டில் வந்து இறங்கின. பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருந்தன. திறந்த உடம்பு, தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு, அடுத்தடுத்து இரண்டு இருக்கை, பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் தட்டு, மணலில் புதையாத தடித்த டயர். ஊர் அவற்றுக்கு மணல் வண்டி என்று பெயர் வைத்துவிட்டது. உள்ளேதான் வித்தியாசம். ஒன்று பெல்ட்டில் ஓடுவது, மற்றது கியரில் ஓடுவது.

கியர் வண்டியை, ஓட்ட வந்த இருவரில் இளையவனான மாரிராஜிடம் கொடுத்தார்கள். பெல்ட் வண்டியை பிளாரன்ஸிடம் கொடுத்தார்கள். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை, பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால். ஸ்கூட்டி ஓடுவது பெல்ட்டில். ஸ்கூட்டி பொம்பளை வண்டி. ஆகவே பெல்ட் பொம்பளைக்கு. ரப்பர் பட்டைக்குக்கூட ஆண் பெண் பார்க்கத் தெரிந்த நாடு இது. சாதி பார்க்காமல் விட்டதே பெரிது.

இத்தனைக்கும் பிளாரன்ஸ் மச்சாது கியர் போடத் தெரியாதவள் அல்ல. கல்யாணமான மறுவருடத்திலிருந்து சின்ன லோடு வண்டி ஓட்டியவள். விடியும் முன்னே கரையில் மீனும் ஐஸும் ஏற்றி, தூத்துக்குடி ஏலக்கூடத்தில் இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக் குசினியில் உலை வைத்துவிடுவாள். வழியில் எத்தனையோ டீக்கடைகளில் எத்தனையோ பேர் "டிரைவர் எங்கம்மா?" என்று அவளையே கேட்டிருக்கிறார்கள். "உள்ள தூங்குதாரு, எழுப்பிராதிய" என்று சொல்லிவிட்டு அவளே ஏறி ஓட்டிப் போவாள்.

அந்த லோடு வண்டியை விட்டுவிட்டு இந்த வேலைக்கு அவள் மனுப் போட்டதற்குக் காரணம் கூலி அல்ல. மணப்பாட்டுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே மணலுக்குள் கிடக்கும் குடியிருப்புகளுக்கு ஆம்புலன்ஸ் வராது. தார் முடிகிற இடத்தில் அது நின்றாக வேண்டும். அங்கிருந்து நோயாளியைக் கட்டிலோடு தூக்கி வரவேண்டும். அவளுடைய சித்தி மகளை அப்படித் தூக்கி வந்தபோது கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவள் பிளாரன்ஸ். தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது கட்டிலில் உயிர் இல்லை. விதி என்றார்கள் ஊரில். விதி இல்லை, ரோடு இல்லை என்றாள் பிளாரன்ஸ். அதிலிருந்து அவளை வாயாடி என்றும் சொன்னார்கள்.

மணல் வண்டிகளைக் கொண்டுவந்தது ஓர் அறக்கட்டளை. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஆராவமுதன் அதன் செயலாளர். நேர்மையானவர், ஆனால் எதையும் பத்து பேர் ஒப்புக்கொண்ட பிறகே ஒப்புக்கொள்கிறவர். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். குலசை தசரா முடியும்வரை இரண்டு வண்டியும் இரண்டு ஓட்டுநரும் இருக்கட்டும். கடற்கரைக் கூட்டத்தில் எது எப்படி உழைக்கிறது என்று பார்த்து, ஒரு வண்டியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவோம். நிரந்தர ஓட்டுநரும் ஒருவர்தான். இன்னொருவர் அவருக்கு உதவி, தேவைப்பட்ட அன்றைக்கு மட்டும் கூலி.

அந்த ஓர் இருக்கை பிளாரன்ஸுக்கு வேண்டும். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

வண்டிகளைப் பராமரிக்க வந்தவர் காயல்பட்டினத்து அம்ஜத். துபாயில் பாலைவனச் சுற்றுலா வண்டிகளைப் பிரித்துப் பூட்டியே பாதி வாழ்நாளைக் கழித்தவர். அவர் ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டார்கள். வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஒருநாள் மாரிராஜ் அவரைச் சீண்டினான்.

"காக்கா, நீங்களே சொல்லுங்க. எது வண்டி? இதுவா, அக்கா வச்சிருக்க தையல் மிஷினா?"

"ஏலே, ரெண்டும் வண்டிதான்" என்றார் அம்ஜத். "உன் வண்டியில கிளட்ச் ரெண்டு இருக்கு. ஒத்தப்படை கியருக்கு ஒண்ணு, ரெட்டைப்படைக்கு ஒண்ணு. நீ ஒண்ணாவதுல போவும்போதே ரெண்டாவது தயாரா நிக்கும். மாத்துறது உனக்கே தெரியாது. பலமான சாமான். அவங்க வண்டியில ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட். கப்பி விரியும், சுருங்கும், வேகம் தானா கூடும், குறையும். கியரே கெடையாது."

"அப்ப என்னுதுதான் ஒசத்தி."

"சரிதான்ல. ஆனா பலமான சாமான் கெட்டா பலமாக் கெடும்."

"காக்கா, இவன் கெடக்கான்" என்றாள் பிளாரன்ஸ். "இந்தப் பெல்ட்டு என்னத்துல சாவும்? அதச் சொல்லுங்க."

"சூட்டுல சாவும், வழுக்குனா சாவும். ரெண்டும் ஒண்ணுதான். வழுக்குனா சூடாவும், சூடானா வழுக்கும்."

அவள் அதோடு விடவில்லை. அன்றே மூடியைக் கழற்றச் சொன்னாள். பெல்ட்டை எடுத்து மாட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தானே எடுத்தாள், தானே மாட்டினாள், கை பழகும்வரை. "ஏளா பிளாரன்ஸு, வண்டிய ஓட்டச் சொன்னா உரிச்சு வச்சிருக்கா" என்று கொட்டகைப் பக்கம் போன பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆயுத பூசையன்று கொட்டகையில் பூசை போட்டார்கள். மணப்பாட்டில் மாதா கோயில் காரியம் ஒன்று இருந்ததால் பிளாரன்ஸ் வரவில்லை. மறுநாள் தசராவின் கடைசி நாள். இரவு சூரசம்காரம். கடற்கரையில் லட்சக்கணக்கான சனம் கூடும் என்பதால் காலையிலேயே இரண்டு வண்டியையும் மணலில் இறக்கிவிட்டார்கள். காளி, குறவன், போலீஸ், குரங்கு, அரக்கன் என்று வேடம் கட்டிய குழுக்கள் மேளத்தோடு இறங்கிக்கொண்டே இருந்தன. காலை முழுவதும் கெட்டியான மணலில் தண்ணீர்க் கேன்களை ஏற்றி இறக்கினாள் பிளாரன்ஸ். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

வெயில் உச்சிக்கு வந்தபோது கடலோரத்தில் ஒரு காளி சுருண்டு விழுந்தது. விரதத்தில் ஒட்டிப்போன வயிறு, கனத்த கிரீடம், முதுகில் கட்டிய தகரக் கைகள், உள்ளே ஏரலைச் சேர்ந்த ஒரு கொத்தனார். பிளாரன்ஸ் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அவரைப் பின்தட்டில் ஏற்றினாள். தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நடுவில் ஒரு மணல்மேடு, நடக்கவே கால் புதைகிற இளமணல்.

மேட்டில் பாதி ஏறியதும் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. ரப்பர் கருகும் வாடை அடித்தது. அதோடு கலந்து, அங்கே வரக்கூடாத இன்னொரு வாடை. சந்தனம்.

"அழுத்துங்கம்மா, அழுத்துங்க" என்று சுற்றி நின்றவர்கள் கூச்சலிட்டார்கள். கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அழுத்துவது. பிளாரன்ஸ் அழுத்தவில்லை. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். ஒரு நோயாளியைப் பின்னால் வைத்துக்கொண்டு, அத்தனை கண்களுக்கு முன்னால் வண்டியை அணைப்பதற்கு என்ன வேண்டும் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும்.

வாக்கி டாக்கியில் மாரிராஜைக் கூப்பிட்டாள். வண்டி வரவில்லை, மாரிராஜ் ஓடிவந்தான், மூச்சிரைக்க.

"என் வண்டி அங்கன நின்னுட்டுக்கா. காலையிலயிருந்து கூட்டத்துக்குள்ள ஊந்து ஊந்து வந்தேனா, மேட்டுல பிரேக் பிடிக்காம ஆக்சிலேட்டர்லயே நிறுத்தி நிறுத்தி... கிளட்ச் சூடுன்னு வெளக்கு மினுங்குது. ஆறுத வரைக்கும் அசையாதாம்."

அவள் அதற்குள் பெல்ட் மூடியின் திருகுகளைக் கழற்றிவிட்டிருந்தாள். உள்ளே கப்பியின் இரு முகத்திலும் மஞ்சளாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம். பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. வழுக்கி வழுக்கித் தீய்ந்துபோன பளபளப்பு.

மாரிராஜ் அதைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"நான்தாங்க்கா வச்சேன். அக்கா வேதக்காரவுக, அவுக வண்டிக்கு யாரு பொட்டு வைப்பான்னு... வெளிய வச்சா மழையில போயிரும், வண்டிக்கு உசுரு இதுதானேன்னு உள்ள..."

திட்ட நேரமில்லை. திட்டவும் தோன்றவில்லை. அவளை மட்டம் தட்டி வைத்தவை பல. இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல, அன்பு. ஆனால் அன்பு உராய்வைக் கூட்டாது. எந்தத் தெய்வத்தின் சந்தனமானாலும் கப்பியில் பூசினால் பெல்ட் வழுக்கும்.

"சரில. மருந்துப் பெட்டியில ஸ்பிரிட்டு இருக்கு. துணியில நனைச்சுக் கப்பியத் தொட, ரெண்டு மொகத்தையும். சந்தனம் ஒரு பொட்டு இருக்கப்பிடாது. நான் மாத்துப் பெல்ட்ட எடுக்கேன்." பிறகு கொத்தனாரோடு வந்தவர்களைப் பார்த்தாள். "நீங்க அவரு கிரீடத்தக் கழத்துங்க. கையெல்லாம் அவுருங்க. நெஞ்சுல ஈரத்துணி போட்டு விசுறுங்க."

"சூரசம்காரம் முடியாம வேசம் கலைக்கக் கூடாதும்மா. தெய்வக் குத்தமாயிரும்" என்றார் மேளக்காரர்.

"அம்மன் பொறுத்துக்கிடும். இவரு பொறுக்க மாட்டாரு. கழத்துங்க அண்ணாச்சி."

மேளக்காரர் தோளிலிருந்த மேளத்தை இறக்கி வைத்தார். பிறகு கழற்றினார். ஓர் அரக்கன் தன் அட்டைக் கேடயத்தை நோயாளிக்கு நிழலாகப் பிடித்தான். ஒரு குரங்கு விசிறியது. பிளாரன்ஸ் மணலில் முழங்காலிட்டு, பழைய பெல்ட்டை உருவிப் போட்டுவிட்டு, புதியதைக் கப்பியில் ஏற்றினாள். கைக்கு அந்த வேலை தெரிந்திருந்தது. மூடியை மாட்டி, என்ஜினைக் கிளப்பி, மெதுவாக மிதித்தாள். வண்டி மேட்டைக் கடந்தது. பின்தட்டில் மாரிராஜ் கொத்தனாரின் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கண்ணைத் திறந்து, "என் கிரீடம் எங்கன?" என்று கேட்டார். மாலைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது: ஆள் பிழைத்துக்கொண்டார்.

தசரா முடிந்து கூட்டம் போட்டார்கள். ஆராவமுதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நோயாளியோடு நடுவழியில் நின்றது பெல்ட் வண்டி. கியர் வண்டியும் நின்றது, ஆனால் அது ஆறியதும் தானாகவே ஓடிற்று. ஆகையால் கியர் வண்டி, மாரிராஜ் என்று முடிவெடுக்கலாம் என நினைக்கிறேன்."

"சார், பெல்ட்டு தப்பில்ல" என்று எழுந்தான் மாரிராஜ். "நான் சந்தனம் பூசுனேன். என் வண்டி நின்னதும் என் கால் பழக்கம்தான். அக்கா மேல ஒரு தப்புங் கெடையாது."

"அப்படியானால் எந்த வண்டி நல்லது?"

ஆராவமுதன் அம்ஜத்தைப் பார்த்தார். அம்ஜத் பிளாரன்ஸைப் பார்த்தார். பிளாரன்ஸ் எழுந்தாள்.

"கியர் வண்டி நல்ல வண்டி சார். பெல்ட்ட விட ரொம்ப நாளு உழைக்கும். துபாய்னா நானும் அதத்தான் கேப்பேன். ஆனா அந்தக் கிளட்ச் போச்சுன்னா சாமான் மெட்ராசுல இருந்து வரணும், இல்ல கப்பல்ல வரணும். அதுவரைக்கும் கட்டில்தான் தூக்கணும். பெல்ட்டு சீக்கிரம் போவும், நான் இல்லைங்கல. போனா மணல்லயே ஒக்காந்து நானே மாத்துவேன். கெடாத வண்டின்னு ஒண்ணு கெடையாது சார். கெட்டா எந்திரிச்சு வாற வண்டி எனக்கு வேணும்."

மட்டம் தட்டிக் கொடுத்த வண்டியைத்தான் அவள் கேட்டாள். கொடுத்தவர்களின் காரணத்துக்காக அல்ல, தன் காரணத்துக்காக.

"காக்கா?" என்றார் ஆராவமுதன்.

"நான் சொல்ல இருந்தத அவங்க சொல்லிட்டாங்க" என்றார் அம்ஜத்.

ஆராவமுதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி. பெல்ட் வண்டி இருக்கட்டும். ஓட்டுநர் பிளாரன்ஸ். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம் என்று வைத்துக்கொள்வோம்."

"மாரிராஜ எடுத்திருந்தா, அவனுக்கும் ஆறு மாசம் போட்டிருப்பீங்களா சார்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆராவமுதன் பொய் சொல்லிப் பழகாத மனிதர்.

"இல்லை. போட்டிருக்க மாட்டேன்."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

மாரிராஜ் தலையைக் குனிந்துகொண்டான், சிரிப்பை அடக்கவோ வேறெதற்கோ.

"நியாயம்தான்" என்றார் ஆராவமுதன். "சோதனை வேண்டாம். நாளையிலிருந்து நிரந்தரம்."

நாளைவரை வேலை காத்திருக்கவில்லை. அன்று பிற்பகலே தெற்கே ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணுக்குப் பேறுவலி, இது இரண்டாவது பிள்ளை, தாமதிக்காது. பிளாரன்ஸ் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மாரிராஜ் மருந்துப் பெட்டியோடு பக்கத்து இருக்கையில் தாவினான். வண்டி தார் முடிகிற இடத்தைத் தாண்டி, நிற்காமல், மணலுக்குள் இறங்கியது.