அண்ணி கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் விட்ட கதை

என் அண்ணி வாயைத் திறந்தால் சம்பளம், நான் வாயைத் திறந்தால் சண்டை. எங்கள் வீட்டு நிலவரம் இவ்வளவுதான். அவள் பள்ளிப் பாட வீடியோக்களுக்குக் குரல் கொடுக்கிறவள். "தவளையின் இதயத்தில் மூன்று அறைகள்" என்று அவள் ஆரம்பித்தால், பக்கத்து அறையில் துணி தைத்துக்கொண்டிருக்கும் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். தவளை மேல் எனக்கு என்ன அக்கறை? குரல் அப்படி. தெருவில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர்.

முன்பெல்லாம் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். அதை மூடிவிட்டார்கள். வீட்டின் கடைசி அறையில் சுவர் முழுக்கப் போர்வைகளை மாட்டி, மைக் ஒன்றை வைத்து, அங்கேயே தொடர்ந்தாள். எல்லாவற்றையும் கெடுத்தது கம்ப்யூட்டர். பாடத்துக்கான படங்கள் திரையில் ஓட ஓட, அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். படம் ஓடினால் பெட்டி சூடாகும். சூடானால் உள்ளே இருக்கிற விசிறிகள் பேய் பிடித்த மாதிரி சுற்றும். பெட்டியை என் அறைக்குத் தள்ளிவிடலாம் என்றால், அங்கே பறக்கிற நூலும் பஞ்சும் அதற்கு ஆகாது.

"பின்னாடி ஹெலிகாப்டர் நிக்குதாம்மா?" என்று பாடக் கம்பெனியின் சவுண்டு இன்ஜினியர் போனில் கேட்டார். ஒரு தடவை சிரித்துக்கொண்டு கேட்டார், அடுத்த தடவை சிரிக்கவில்லை. கடைசியில், நேரில் வந்து அறையைச் சோதிக்கப்போவதாகவும், சத்தம் அடங்கவில்லை என்றால் வேறு குரல் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அன்று அண்ணி சாப்பிடவில்லை. பேசுவதைப் பிடுங்கிக்கொண்டு அவளுக்கு எந்த வேலையைக் கொடுத்தாலும் பாதி ஆளாகிவிடுவாள்.

மறுநாள் காலை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அறிவித்தாள். "கம்ப்யூட்டருக்குத் தண்ணி விடப் போறேன்."

"அண்ணி, கோவம் இருந்தா ரெண்டு தட்டு தட்டுங்க. அதுக்காகக் கொலையா?"

"ஏய், கேளு. வண்டியில ரேடியேட்டர் இருக்குல்ல, அதே மாதிரி. சூட்டைத் தண்ணி இழுத்துட்டுப் போய் வெளியே விட்டுடும். விசிறி சும்மா மெதுவா சுத்தினா போதும்."

ரேடியேட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் அண்ணன் தட்டை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "அப்படிச் சொல்லு! நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்க்க மட்டும் செய்யுங்க. கை வைக்கக் கூடாது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணன் மூடிய குழாயை அண்ணனே வந்துதான் திறக்க வேண்டும். அதுவரை நாங்கள் யாரும் முகம் கழுவ முடியாது.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. சூடாகும் சில்லுகளின் மேல் உட்காரும் செம்புக் கட்டிகள், ரேடியேட்டர், தீப்பெட்டி அளவில் ஒரு பம்ப், தண்ணீரைப் பிடித்து வைக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒரு தொட்டி, வளையும் குழாய், பளபளவென்று இணைப்புகள். அண்ணி இதற்கு முன் கம்ப்யூட்டர் மூடியைக் கூடத் திறந்ததில்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தனக்குத் தைரியம் வருவதற்காக ஒவ்வொரு வேலையையும் பாடம் நடத்துகிற குரலில் சொல்லிக்கொண்டே செய்தாள். "இப்போது நாம் செம்புக் கட்டியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்கிறோம். இதை மறந்தால் நாம் முட்டாள்கள்." எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

குழாயை அளந்து வெட்டுவது என் பொறுப்பு. தையல்காரி புத்தி எங்கே போகும்? துணிக்கு விடுகிற மாதிரி இதற்கும் உள்ளே மடிக்கக் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டேன். மாட்டிப் பார்த்தால் குழாய் தொப்பை போட்டுக்கொண்டு நின்றது. "நீ குழாய்க்கு ஜாக்கெட் தைக்கலை தாயே," என்று அண்ணி கும்பிட்டாள். மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை கச்சிதம்.

இணைப்புகளைக் கையாலேயே முறுக்கினாள். உள்ளே ரப்பர் வளையம் இருப்பதால் அதுவே போதுமாம், கருவி எதுவும் வைக்கக் கூடாதாம். தொட்டியில் நீல நிறக் குளிர்விக்கும் திரவத்தை ஊற்றினாள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்புக்கு மட்டும் கொடுத்து, சுற்றிலும் டிஷ்யூ பேப்பரைப் பரப்பினாள். ஒரு பகல் முழுக்க இப்படியே ஓட்டி, பேப்பர் நனையாவிட்டால்தான் தேர்ச்சி. திரவம் குழாய்க்குள் சரசரவென்று ஓடியதைப் பார்த்தபோது மூன்று பேரும் கைதட்டினோம். சாயங்காலம் வரை ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு என்னவோ நானே பெற்ற பிள்ளை பாஸான மாதிரி பெருமை.

அடுத்த நாள் காலை, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அண்ணி பம்பைப் போட்டாள். தொட்டியின் கழுத்தில் முடி போல ஒரு விரிசல் ஓடியது. அதிலிருந்து சொட்டு. அப்புறம் இன்னொரு சொட்டு. டிஷ்யூ எல்லாம் நீலமாகிவிட்டது.

"ஐயையோ!" அண்ணி பம்பை நிறுத்தினாள். "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? யாரு தொட்டது?"

அண்ணன் சீருடைச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தான்.

"அண்ணா?"

"சும்மா... நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி... எல்லா இணைப்பையும் ஸ்பேனர் வச்சு லேசா ஒரு முறுக்கு முறுக்கினேன். கையால போட்டா கழண்டுடாதா?"

"உன் லேசு எங்களுக்குத் தெரியாதா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். "அது என்ன பஸ்ஸா? ஐம்பது பேரை ஏத்திட்டு மலை ஏறப் போகுதா?"

அண்ணி திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் நனைந்த பேப்பரைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். இன்ஜினியர் வருவது மறுநாள். புதுத் தொட்டி வர ஒரு வாரமாவது ஆகும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அண்ணன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மூலையில் சுருங்கி உட்கார்ந்தான். அவ்வளவு பெரிய உடம்பை அவ்வளவு சின்னதாக நான் பார்த்ததே இல்லை. பாவமாகவும் இருந்தது, இரண்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

மதியம் அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தாள். "தொட்டி எதுக்கு? ஊத்தறதுக்கும், காத்து வெளியே போறதுக்கும். ஊத்த ஒரு வாய் இருந்தா போதாதா?" திரவத்தைக் கீழே வடிப்பதற்காக மூன்று பக்கம் திறக்கும் இணைப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். அதைக் கழற்றி மேலே மாட்டினாள். நான் ஒரு முழம் குழாய் வெட்டிக் கொடுத்தேன், தொப்பை இல்லாமல். அதை நேராக நிற்க வைத்து, வாயில் புனல் சொருகி ஊற்றினாள். தொட்டி இல்லாமலே வட்டம் முடிந்துவிட்டது.

ஆனால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு களக் களக் என்றது. பம்பை நிறுத்தி, குழாயின் வாயை மூடி, பெட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்தால்தான் காற்று மேலே வரும். இப்போதுதான் அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வந்து தூக்குங்க."

அவன் ஓடி வந்தான். பெட்டியைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். அண்ணி குழாயில் காதை வைத்துக்கொண்டு, "இடது பக்கம்... இன்னும்... இருக்கு, ஒரு குமிழி ரேடியேட்டர்ல ஒளிஞ்சிருக்கு... மெதுவா!" என்று உத்தரவு போட்டாள். சாய்ப்பதும், வைப்பதும், பம்பை ஓட்டுவதும், குறைந்ததை ஊற்றுவதுமாகப் பொழுது போனது. கடைசிக் குமிழி மேலே வந்து வெடித்தபோது அண்ணன் வியர்வையில் குளித்திருந்தான். பம்பைப் போட்டோம். ஓடுகிறதா என்று நான் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விடியும் வரை ஓடவிட்டும் ஒரு பேப்பர்கூட நனையவில்லை.

இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணன் படபடப்பில் எதையாவது தட்டிவிடுவான் என்று அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். திரையில் கனமான படங்களை ஓடவிட்டார்கள். அண்ணி எரிமலைப் பாடத்தை வாசித்தாள். பிறகு இன்ஜினியர், "இப்ப ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க, அறையோட சத்தத்தை மட்டும் பதிவு பண்ணணும்," என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டார். நெற்றி சுருங்கியது. மறுபடி ஓட்டினார். "ஒண்ணு கேக்குது," என்றார். அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

பெட்டியின் சத்தம் துளிகூட இல்லை. மிக மெல்லிசாக, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு ஆண் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. "ஒழுகிடாதே ராசா... தப்பு என்மேலதான்... அவளுக்கு இந்த வேலைன்னா உசிரு... ஒழுகிடாதே..."

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஜினியர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "அறை சுத்தமா இருக்கும்மா. நாளைக்கே பாடம் அனுப்பறேன். பேசற நேரத்துல அவரை மட்டும் தெருவுக்கு அனுப்பிடுங்க."

நான் கதவைத் திறந்தேன். அதில் காதை வைத்துக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே வந்து விழப் பார்த்தான்.

"வேலை நமக்குத்தாங்க!" என்றாள் அண்ணி.

"அது கிடக்கட்டும். ஒழுகுதா?"

வெளி ஆள் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது. இன்ஜினியர் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே, அந்தப் பதிவை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டாள்.