எங்கள் தங்கை திருடவில்லை

என் அண்ணனுக்குப் படிப்பு ஏறாது, வசனம் ஏறும். ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு என்னோடு சேர்ந்து எட்டாவதுக்கு வந்தவன் அவன். என்னைவிட ஒன்றரை வயது பெரியவன். தங்கையோடு ஒரே வகுப்பில் படிப்பது அவனுக்கு அவமானம். எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வடக்குப்பட்டு போகும் வழியில், இன்று கம்பெனி பஸ்கள் வளைந்து திரும்பும் இடத்தில்தான் அந்த மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. நான் சொல்வது அறுபதுகளில் நடந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் சரி. அதற்குமேல் படிக்க ஆண்பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அந்த வருடம் புதிதாக வந்த டீச்சர்தான், செங்கல்பட்டில் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் இருக்கிறது, இவளுக்கு அங்கே இடம் வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் பேசினார். அப்பா பஞ்சாயத்து மெம்பர். பள்ளிக்கூடத்துக் கிணறு வெட்ட இடம் விட்டவர். அவர் வாயிலிருந்து சரி என்ற சொல்லை வாங்குவது லேசில்லை. டீச்சர் மூன்றாவது முறை வந்தபோது, "ஆண்டு விழா முடியட்டும், பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முக்கால்வாசி சம்மதம். நான் அன்றைக்கே அம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன்.

ஆண்டு விழாவுக்கு டீச்சர் எழுதிய நாடகம் ஏதோ வெள்ளைக்காரர் நாட்டுப் பழைய கதையிலிருந்து எடுத்தது. சித்தியின் சாபத்தால் அண்ணன்மார்கள் பறவைகளாகிவிடுகிறார்கள். தங்கை வாய் திறக்காமல் ஆளுக்கொரு சட்டை தைத்துப் போட்டால் மறுபடியும் மனிதர்களாவார்கள். நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் போச்சு. மூலக் கதையில் அண்ணன்மார்கள் ஆறு பேராம். எங்கள் வகுப்பில் மேடையேறத் துணிந்த பையன்கள் மூன்று பேர்தான், அதனால் மூன்று அண்ணன். பறவை அன்னமாம். அன்னத்தை யார் பார்த்தார்கள்? எங்கள் ஏரியில் கொக்கு இருந்தது, கொக்காக்கினார் டீச்சர். அந்த ஊமைப் பெண்ணை ராஜா கல்யாணம் செய்துகொள்வதாக எழுதினால் ஊரில் பேச்சு வரும் என்று, ராஜா அவளை மகளாக வளர்ப்பதாக மாற்றினார். அரண்மனையில் ஒரு மோதிரம் காணாமல் போகிறது. பழி அவள்மேல் விழுகிறது. அவளோ வாய் திறக்க முடியாது. தண்டனை கொடுக்கும் நேரத்தில் கொக்குகள் பறந்து வருகின்றன. அவள் சட்டைகளை வீசுகிறாள். அண்ணன்மார்கள் எழுகிறார்கள். கடைசிச் சட்டையில் ஒரு கை தைத்து முடியாததால், கடைசி அண்ணனுக்கு மட்டும் ஒரு பக்கம் சிறகு தங்கிவிடுகிறது. அந்தக் கடைசி அண்ணன் என் அண்ணன். தங்கை நான்.

கதாநாயகி என்று துள்ளிக் குதித்த எனக்கு ஒரு வசனம்கூட இல்லை என்பது ஒத்திகையில்தான் தெரிந்தது. என் வேலையெல்லாம் உட்கார்ந்து கோணிச் சட்டை தைப்பது, முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வது. அதிலும் சிரித்துத் தொலைத்தேன். மூன்று ஒத்திகை பார்த்துவிட்டு டீச்சர் ஒரு கட்டளை போட்டார். நாடகத்தன்று காலையில் கண் விழித்ததிலிருந்து நான் பேசக் கூடாது. வீட்டிலும் கூடாது, யார் கேட்டாலும் கூடாது. அப்போதுதான் மேடையில் முகத்தில் அது நிற்கும். "நானே வந்து போதும்னு சொல்ற வரைக்கும்" என்றார். எனக்குப் பன்னிரண்டரை வயது. டீச்சர் சொன்னால் மூச்சையும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கொக்குக்குச் சிறகு வேண்டுமே. காகிதத்தில் செய்து பார்த்தால் கிழிந்தது. விழாவுக்கு நான்கு நாள் முன்பு அண்ணன் ஒரு வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினான். நைனா கொடுத்தார் என்றான். மயில்கண் கரை போட்ட எட்டு முழ வேட்டி, இரண்டே முறை கட்டியது. டீச்சர் அதைத் தடவிப் பார்த்து, உங்க அப்பாவுக்குப் பெரிய மனசு என்றார். கத்தரிக்கோலை எடுத்து அவரே வெட்டினார். ஆறு சிறகு வந்தது. வீணாகக் கூடாதென்று கரையைத் தனியாகக் கிழித்து, அரண்மனைப் பெண் இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும் என்று என்னிடம் கொடுத்தார். அப்பா ஏன் நல்ல வேட்டியைக் கொடுத்தார் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. செங்கல்பட்டு கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

விழா நாள் காலையிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். அம்மா சிரித்துச் சிரித்து என்னிடம் வம்பிழுத்துப் பார்த்தாள். நான் அசையவில்லை. நாடகம் மூன்று மணிக்கு, புளியமரத்தடியில். அப்பாவுக்கு அன்று சாயங்காலம் குன்றத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. கிளம்புவதற்காக உச்சி வேளையில் பெட்டியைத் திறந்திருக்கிறார். வேட்டி இல்லை.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நாங்கள் வகுப்பறைக்குள் வேஷம் கட்டிக்கொண்டிருந்தோம். அவர் கண்ணில் முதலில் பட்டது என் இடுப்பில் கட்டியிருந்த மயில்கண் கரை.

"இன்னாடி இது? யாரு எடுத்தாந்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் சிறகு கட்டி நின்றான். டீச்சரைப் பார்த்தேன். வேட்டியை யார் கொண்டுவந்தார்கள், யார் வெட்டினார்கள் என்பது அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். டீச்சர் ஒரு சொல் சொன்னால் போதும். குறைந்தபட்சம், "போதும், நீ பேசு" என்று என்னிடமாவது சொல்லலாம். அவர் ராஜாவின் கிரீடத்தில் ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிய இடத்திலேயே மறுபடியும் ஒட்டினார்.

அண்ணன் சொன்னான். "அவதான் நைனா எடுத்தாந்தா. நீ குடுத்தன்னு சொன்னா."

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுது, அழுகையோடு உண்மையும் வெளியே வந்திருக்குமோ என்னவோ. "வாயத் தொறக்கிறாளா பாரு" என்றார். அவ்வளவுதான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாடகம் முடிந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், அதுவரை பொறுப்பதுதான் என் வேலை என்று நிஜமாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. மெம்பர் என்பதால் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் பழைய வேட்டியோடு உட்கார்ந்து பார்த்தார். நான் அன்றைக்கு நன்றாக நடித்தேன் என்று ஊரே சொன்னது. நடிக்க என்ன இருந்தது? ராஜா மோதிரத்தைக் கேட்டபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஐயோ பாவம் என்றார்கள். கொக்குகள் வந்தன. சட்டைகளை வீசினேன். என் அண்ணன் எழுந்து, ஒற்றைச் சிறகை விரித்துக்கொண்டு, ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற குரலில் தன் வசனத்தைச் சொன்னான்.

"ராஜாவே! எங்கள் தங்கை திருடவில்லை. எங்களுக்காகவே இவள் வாய் திறவாமல் இருந்தாள். இவளைப் பழித்தவர்கள் தலைகுனியட்டும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் சொல்லிவிட்டான், அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். டீச்சர் வந்து போதும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் மற்றப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் வரவே இல்லை.

வீட்டு வாசல் ஏறியதும் நானே விரதத்தை முறித்தேன். அன்று என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். "நைனா, வேட்டிய நான் எடுக்கல. அண்ணன்தான் எடுத்துச்சு."

"கேக்கசொல்ல வாயத் தொறக்கல. இப்ப யோசிச்சி வச்சினு வந்து அவன் தலைல கட்டுறியா?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். "மேடையில சொன்னியே. அத்த இங்க சொல்லு."

அவன் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். நிமிராமலேயே, "அது டிராமா" என்றான்.

மறுநாள் டீச்சர் வீட்டுக்கு வந்தார். எனக்கு உயிர் வந்தது. அப்பா நேராகவே கேட்டார், வேட்டியை உங்களிடம் கொடுத்தது யார் என்று. டீச்சர் மோரைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைகள்தானே, யார் கொடுத்தால் என்ன, பெரிசுபடுத்த வேண்டாம் என்றார். என்னைக் காப்பாற்றுவதாக அப்பா நினைத்துக்கொண்டார். வேறென்ன நினைப்பார்? திருடவும் மறைக்கவும் இங்கேயே கற்றுக்கொண்டவள் ஹாஸ்டலுக்குப் போய் இன்னும் என்னென்ன கற்றுக்கொள்வாளோ என்றார். டீச்சர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். கேட்காமல் கொள்ளாமல் மெம்பர் வீட்டு வேட்டியை வெட்டியவர் அவர், புதிதாக வந்தவர், அவருக்கும் வேலை பயம் இருந்திருக்கும். இதெல்லாம் இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்ததால் ஒன்றும் ஆறிவிடவில்லை. அண்ணனை நான் ஒரு கணக்கில் மன்னித்தாலும் மன்னிப்பேன், அவன் அப்பாவின் பெல்ட்டடிக்குப் பயந்த பையன். பேசாதே என்று என்னைக் கட்டிப்போட்டுவிட்டுத் தானும் பேசாமல் இருந்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செங்கல்பட்டு இடம் வடக்குப்பட்டுப் பெண் ஒருத்திக்குப் போனது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூரில் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தான். ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் தகரப் பெட்டியோடு பதினெட்டு வயதில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மருமகளாகப் போனேன். அண்ணன் ஒரு பொங்கல்கூடத் தவறியதில்லை. சீரோடு வந்து நிற்பான், என் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவான். நல்ல அண்ணன் என்று என் மாமியாரே மெச்சுவாள். நான் என்னத்தைச் சொல்ல?

எண்பதுகளில் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்று மத்தியானம், பந்தி எல்லாம் ஓய்ந்து, வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் கதை கேட்டு அண்ணனைப் பிய்த்தெடுத்தார்கள். அவன் எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சிறகாக விரித்து, அதே வசனத்தை அதே குரலில் சொன்னான். எங்கள் தங்கை திருடவில்லை. ஒரு வார்த்தை மறக்கவில்லை. அவன் சின்ன மகள், சிறகை எதில் செய்தீர்கள் என்று கேட்டாள்.

"அது பெரிய கூத்து. ஒங்க அத்த கீதே, தாத்தாவோட மயில்கண் வேட்டியச் சுட்டுனு வந்து வெட்டக் குடுத்துட்டா. தாத்தா அன்னிக்குக் கல்யாணத்துக்கே போவ முடியல."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். என் மகனும் சிரித்தான். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கள்ளம் கொஞ்சமும் இல்லை, பாசம்தான் இருந்தது. இத்தனை வருடமாக என் முதுகுக்குப் பின்னால் இதை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை எனக்கு எந்த விரதமும் இல்லை.

"வேட்டிய நான் எடுக்கல" என்றேன். "நீதாண்ணா எடுத்த. டீச்சர் வெட்டுச்சு."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளிடம் கண்ணைச் சிமிட்டினான்.

"பாத்தீங்களா, இன்னிக்கும் ஒத்துக்க மாட்டேன்றா."

பிள்ளைகள் கைதட்டினார்கள்.